துணைநூலுக்குப் பெயர் சூட்டிய கதை

நூலுக்குப் பெயரிடுதலும் நூலாக்கத்தின் ஒரு பகுதியே என்பதைத் தமிழ் இலக்கண ஆசிரியர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். நூல் எவ்வெக் காரணங்களால் பெயர் பெறும் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே வகுத்துரைக்கிறார். முதனூலால் வரும் பெயர் உண்டு. ஆக்கியோனால் வரும் பெயர் உண்டு. அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை ஆகியவற்றாலும் பெயர் அமையும். காரணம் காட்டவியலாத இடுகுறிப் பெயரும் உண்டு. தொல்காப்பியம் ஆக்கியோனால் பெயர் பெற்றது. சிந்தாமணி தன்மையால் பெயர் பெற்றது. இப்பகுப்பின் துணைகொண்டு நோக்கத்தக்க புதுவகை நூல்கள் சில, அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டிற்குப் பின் தோன்றின. பாத்திரமேற்று ஆடும் மாயக்கதை விளையாட்டின் துணைநூல்களே அவை.

இவ்விளையாட்டுக்குப் பலகையோ காய்களோ இன்றியமையாதன அல்ல. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்கின்றனர். ஒருவர் கதையை நடத்துகிறார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, கள்வன் என வேடம் ஏற்று, அடுத்துத் தாம் செய்வது இன்னதென்று வாயால் சொல்கின்றனர். ஐயப்பாடான இடங்களில் பகடை தீர்ப்பளிக்கிறது. ஆட்டத்தின் விதிகளைக் கூறுவது முதனூல். புதிய விதிகளையும் உயிரினங்களையும் மந்திரங்களையும் நிலப்பரப்புகளையும் சேர்த்துத் தருவது துணைநூல். முதனூல் இன்றித் துணைநூலால் பயனில்லை. ஆயினும் கடையில் அது தனியே விலைபோக வேண்டும். அதன் தலைப்பு தாயை நினைவூட்டவும் வேண்டும், தன்காலில் நிற்கவும் வேண்டும். பெயரிடுவோரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னிசனுடன் இணைந்து இயற்றிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. முதற்பதிப்பு 1000 பிரதிகளே. உருவாக்கத்தின்போது அதற்கு ‘த ஃபேன்டசி கேம்’, அதாவது ‘மாயக்கதை விளையாட்டு’ என்னும் பொதுப்பெயரே வழங்கியது. பின்னர் கைகாக்ஸ் பொருத்தமான சொற்களை இரு பத்திகளாக எழுதி, அவற்றை இணைத்து இணைத்துத் தம் நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் கருத்துக் கேட்டார். அப்போது சிறுமியாக இருந்த அவர் மகள் விரும்பிய இணையே நிலைத்தது என்பது அவரே பலமுறை கூறிய செய்தி. நிலவறை ஆட்டத்தின் களம். டிராகன் அக்களத்தின் அச்சம். இரண்டையும் ஒரே எழுத்தின் மோனை கட்டுகிறது. விதிகளை அறியாத சிறுமியின் செவிக்கும் அது இனித்தது. திறவாத நூலைப் பற்றி எழும் முதல் தீர்ப்பு செவியின் தீர்ப்பே அன்றோ!

பெட்டியினுள் இருந்த மூன்று சிறுநூல்களில் முதலிரண்டும் இவ்வாறே இரட்டைப் பெயர் தாங்கின. ‘மென் அண்ட் மேஜிக்’ என்றால் மனிதரும் மாயமும். ‘மான்ஸ்டர்ஸ் அண்ட் டிரெஷர்’ என்றால் கொடிய உயிரினங்களும் புதையலும். இம்முறை விரைவில் வழக்காயிற்று. 1975இல் ‘டனல்ஸ் அண்ட் டிரால்ஸ்’, 1977இல் ‘சிவல்ரி அண்ட் சார்சரி’ எனப் பிறர் விளையாட்டுகளும் அதே அச்சில் பெயர் பெற்றன. தலைப்பின் யாப்பைக் கண்டே வாங்குவோர் அதன் இனத்தை அறிந்தனர்.

முதல் துணைநூல்கள் இருவேறு வழிகளில் சென்றன. 1975இல் வந்த ‘கிரேஹாக்’, ‘பிளாக்மூர்’ ஆகிய இரண்டும் இடப்பெயர்கள். முன்னது கைகாக்ஸ் தம் வீட்டு ஆட்டத்திற்குப் படைத்துக்கொண்ட கற்பனை நகரம். பின்னது ஆர்னிசனின் கற்பனை நாடு. ஆனால் ‘கிரேஹாக்’ நூலைத் திறந்தோர்க்கு அந்நகரத்தைப் பற்றிய செய்தி மிகக் குறைவாகவே கிடைத்தது. கள்வர் என்னும் புதுவகைப் பாத்திரமும் புதிய மந்திரங்களும் விதித்திருத்தங்களுமே அங்கே நிரம்பியிருந்தன. பெயர் ஓர் ஊரைக் காட்ட, நூல் வேறொன்றைக் கொடுத்தது. எனினும் அப்பெயர் வீண்போகவில்லை. காணாத ஊரைக் காணும் வேட்கையை அது வாசகரிடம் விதைத்தது. 1980இல் கிரேஹாக் உலகின் நிலவியல் தனிநூலாகவே வெளிவந்தது. ‘பிளாக்மூர்’ இதற்குச் சற்று மாறானது. அதனுள் ஆர்னிசனின் நாட்டைச் சார்ந்த முழுக்கதைக்களம் ஒன்றும் இடம்பெற்றது.

1976இல் வந்த ‘எல்ட்ரிச் விசர்ட்ரி’ தன்மையால் பெயர் பெற்றது. ‘எல்ட்ரிச்’ என்பது ஸ்காட்லாந்து வழக்கில் வேரூன்றிய பழஞ்சொல். மனிதவுலகுக்கு அப்பாற்பட்ட அச்சத்தைக் குறிப்பது. பொருள் முழுதும் விளங்காவிடினும் அதன் ஒலியே ஒரு நடுக்கத்தைத் தந்தது. வழக்கொழிந்த சொல்லை உரிய இடத்தில் இட்டால் அது புதுச்சொல்லினும் வலிமை பெறும் என்பதற்கு அத்தலைப்பு சான்று.

1977இல் வெளிவந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ பொருளால் பெயர் பெற்றது. கொடிய உயிரினங்களின் கையேடு என்பதன்றி அதில் வேறு மறைபொருள் இல்லை. மோனையும் தானே அமைந்தது. ஆட்டத்தின் நடுவே கை நீட்டி எடுக்கவேண்டிய நூலுக்கு இதனினும் பொருத்தமான பெயர் அரிது. 1981இல் வந்த ‘ஃபீண்ட் ஃபோலியோ’வும் இவ்வகையே. பிரிட்டனின் ‘வைட் டுவார்ஃப்’ இதழில் வாசகர் படைத்தனுப்பிய உயிரினங்கள் பல அதில் இடம்பெற்றன.

பெயர் வெறும் அணிகலன் அன்று என்பதை உணர்த்திய நிகழ்ச்சி அடுத்து வந்தது. 1980இல் ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’, அதாவது ‘தெய்வங்களும் அரைத்தெய்வங்களும்’ என்னும் நூல் வெளிவந்தது. கிரேக்க, எகிப்திய, நார்சுத் தெய்வங்களுடன் இந்திரன், அக்கினி, வருணன், யமன், கார்த்திகேயன் முதலிய இந்தியத் தெய்வங்களும் அதில் எண்களால் அளக்கப்பட்ட பாத்திரங்களாக இடம்பெற்றனர். அக்காலத்து அமெரிக்காவில் இவ்விளையாட்டு இளைஞரைப் பேய்வழிபாட்டுக்கு ஈர்க்கிறது என்னும் குற்றச்சாட்டு பரவியது. 1985இல் ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே அது விவாதப் பொருளாயிற்று. அதே ஆண்டில் அந்நூல் புதிய அட்டையுடன் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லோர்’ என்னும் பெயரில் மறுபதிப்பாயிற்று. பழங்கதைகளும் மரபறிவும் என்பது அதன் பொருள். உள்ளிருந்த தெய்வங்களுள் ஒருவரும் வெளியேறவில்லை. தெய்வம் என்னும் சொல் மட்டுமே முகப்பிலிருந்து வெளியேறியது.

நூலைப் படித்து எதிர்த்தோர் அறிந்திருப்பர், உள்ளடக்கம் மாறவில்லை என்று. தலைப்பைக் கண்டே எதிர்த்தோர்க்கு அம்மாற்றமே போதுமானதாயிற்று. நூலின் பெயரைப் படிப்போர் தொகை நூலைப் படிப்போர் தொகையினும் எப்போதும் பெரிது. அச்சம் 1989இல் இரண்டாம் பதிப்பிலும் தொடர்ந்தது. பேய்களையும் பிசாசுகளையும் குறிக்கும் ஆங்கிலப் பெயர்கள் விலக்கப்பட்டன; அவற்றுக்குப் பதில் எம்மொழியிலும் இல்லாத புனைபெயர்கள் பின்னர்ப் புகுத்தப்பட்டன. உயிரினங்களின் கையேடும் ‘மான்ஸ்ட்ரஸ் கம்பெண்டியம்’ என்னும் பெயருடன், கோப்பில் இடத்தக்க தனித்தாள்களாக வந்தது.

அதே 1985இல் கைகாக்ஸ் பெயரில் வந்த ‘அனர்த்டு ஆர்கேனா’ தலைப்பின் ஆற்றலுக்கு மற்றொரு சான்று. அகழ்ந்தெடுத்த மறைபொருள்கள் என்பது அதன் கருத்து. உண்மையில் உள்ளிருந்தவற்றுள் பெரும்பகுதி ‘டிராகன்’ இதழில் முன்னரே அச்சேறியதுதான். ஆயினும் பழைய கட்டுரைகளின் தொகுப்பு என்று பெயரிட்டிருந்தால் அது வாசகர் நெஞ்சில் நின்றிராது. 2004இல் முற்றிலும் வேறான நூலொன்று அப்பெயரையே மீண்டும் சூடிக்கொண்டது. நூல் மறைந்தும் பெயர் வாழ்ந்தது.

அவ்வாண்டின் ‘ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்’ பெற்ற ஊழ் வேறு. சீனம், ஜப்பான் ஆகியவற்றின் மரபுகளைப் பெரிதும் தழுவிய அந்நூலின் தலைப்பு, ஆசிய மக்களை அயலாரின் கண்ணால் ஒரே சொல்லுள் அடக்குவது என்னும் கண்டனத்திற்குப் பின்னாளில் உள்ளாயிற்று. வெளியிட்ட காலத்தில் இயல்பாகத் தோன்றிய சொல்லே பின்னர் நூலுக்குச் சுமையாயிற்று. 2020இல் இத்தகைய பழைய வெளியீடுகளின் மின்பதிப்புகளை விற்குமிடத்தில், அவை தம் காலத்தின் தப்பெண்ணங்களைத் தாங்கியிருக்கக்கூடும் என்னும் அறிவிப்பைப் பதிப்பாளர்கள் சேர்த்தனர்.

1991இல் ‘வேம்பயர்: த மாஸ்கரேட்’ என்னும் வேறொரு விளையாட்டு தோன்றியபோது துணைநூலின் பெயர்முறையும் மாறியது. ‘சிகாகோ பை நைட்’, அதாவது ‘இரவில் சிகாகோ’ என்பது அதன் தொடக்ககாலத் துணைநூல்களுள் ஒன்று. நாளும் காணும் நகரம், இரவு என்னும் ஒரு சொல் சேர்ந்ததும் அச்சத்தின் உறைவிடமாகிறது. வேறு நகரங்களுக்கும் அதே முறையில் துணைநூல்கள் தொடர்ந்தன.

இறுதியில் ஆக்கியோன் பெயரும் வந்து சேர்ந்தது. ஆனால் அவ்வாக்கியோர் பிறவாதவர்கள். 2016இல் வோலோ, 2017இல் சனத்தார், 2018இல் மோர்டன்கைனன், 2020இல் டாஷா எனக் கற்பனை மாந்தரே உடைமையாளராகத் தலைப்புகளில் நின்றனர். அவர்களுள் மோர்டன்கைனன், கைகாக்ஸ் தாமே மேசையில் ஏற்று ஆடிய மந்திரவாதி. 2008இல் கைகாக்ஸ் மறைந்து பத்தாண்டு கழிந்தபின், அவர் ஏற்ற வேடத்தின் பெயர் நூல்முகப்பில் ஒளிர்ந்தது.

விலக்கப்பட்ட பெயர்களின் கதையும் முடிந்துவிடவில்லை. 2000இல் மூன்றாம் பதிப்புடன் ‘மான்ஸ்டர் மேனுவல்’ திரும்பி வந்தது. 2002இல் ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ மீண்டும் அதே பெயருடன் வெளிவந்தது. ‘லெஜண்ட்ஸ் அண்ட் லோர்’ ஓசை குறைந்த பெயரன்று, மோனையும் உடையது. ஆனால் உள்ளிருப்பதைச் சொல்லுதற்காக அன்றி, மறைத்தற்காக இடப்பட்ட பெயர் அது. அச்சம் தணிந்ததும் அதன் வேலையும் தீர்ந்தது. பொருளை உள்ளவாறு காட்டி, ஓசையால் நெஞ்சில் ஊன்றிய பெயர்களோ பத்தாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின்னும் தம் இருக்கையை மீட்டுக்கொண்டன.