முட்டுக்கட்டை

முட்டுக்கட்டை: ஓடும் கோயில் தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் அடியில் இடப்படும் ஆப்பு வடிவ மரக்கட்டை. கப்பலுக்குச் சுக்கான் செய்யும் வேலையைத் தேருக்கு இது செய்கிறது. நெடுந்தேரையும் நாவாயையும் அடுத்தடுத்து நிறுத்தி, ஒன்று ஓடும் இடத்தில் மற்றது ஓடாது என்கிறது திருக்குறள் (496). திசை மாற்றும் கருவியிலும் இரண்டும் வெவ்வேறுதான். சுக்கான் அரபு வழி வந்த சொல், முட்டுக்கட்டை தமிழ்.

மாட்டுவண்டியில் மாடு திரும்பினால் வண்டியும் திரும்பிவிடும். பெருந்தேர் அப்படியன்று. அதன் அச்சுகள் அசையாமல் பொருத்தப்பட்டவை. வடம் பிடிப்போர் எவ்வளவு ஒருபக்கமாக இழுத்தாலும் எளிதில் வளையாது. எனவே எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கச் சக்கரத்துக்குக் கட்டையைச் சாய்த்துக் கொடுப்பர். அச்சக்கரம் தடைபட்டு நிற்க, எதிர்ச்சக்கரம் உருள, தேர் மெல்ல முகம் திருப்பும். தேர் வலமாக வருவதால் நான்கு மூலையிலும் வலப்பக்கத் திருப்பமே. நேர் வீதியிலும் தேர் ஓரம் ஒதுங்கினால் கட்டைதான் அதை நடுவுக்குக் கொண்டுவரும். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர் இருந்தாலும் தேரை ஓட்டுபவர்கள், சக்கரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் கட்டையோடு நகரும் இந்தச் சிலரே. பின்சக்கரத்தை நெம்பித் தள்ளும் நீள மரங்கள் வேறு. திருநெல்வேலியில் அவ்வேலையைத் தடி போடுதல் என்பர்.

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேசுவரர் ஆகிய ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாடவீதி சுற்றுகின்றன. அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பது மரபு. பேகோபுரத் தெரு வழியாகச் சுற்றித் தேரடியில் நிலைக்கு வந்து சேரும்வரை கட்டைக்கு ஓய்வில்லை.

ஒரு காரியத்தைத் தடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்பது வழக்கு. தேரடியில் கட்டைக்கு நிறுத்தல், திருப்பல் என இரு தொழில். மேடைப் பேச்சும் செய்தித்தாளும் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டன. கட்டை போட ஆளில்லாத தேர் முதல் மூலையையே தாண்டாது என்பதை அவ்வழக்கு மறந்துவிட்டது.

தற்காலத்தில் பல தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்துவிட்டன. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் அமைத்தது திருச்சி பெல் நிறுவனம். அங்கும் முட்டுக்கட்டை வழக்கொழியவில்லை.