பழைய விண்டோஸுக்குத் திரும்பும் முன்: ஹார்ட் டிஸ்க்கை அழிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் 11-க்கு மாறிய நாளிலிருந்து வீட்டு மடிக்கணினி ஆமை வேகத்தில் நகர்கிறது. பல ஆண்டுகளாக உழைத்த பிரிண்டரை அது அடையாளமே காணவில்லை. “ஃபார்மட் போட்டு, பழைய விண்டோஸையே ஏற்றிக் கொடுங்கள்” என்று கணினிக் கடையில் சொல்வது இன்று சாதாரணமாகிவிட்டது. “உள்ளே முக்கியமானது ஏதும் இருக்கிறதா?” என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்பார். “பெரிதாக ஒன்றுமில்லை” என்று பதில் வரும். திருமணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், கோயில் நிர்வாகக் குழுவின் கணக்கு, காலமான பாட்டியின் குரல் பதிவு எல்லாம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் கணினி வீடு திரும்பிய பிறகுதான்.

விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். அழிந்த படத்தை அப்படி வாங்க முடியாது.

முதலில், அழிப்பது அவசியம்தானா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறி 10 நாள் ஆகவில்லை என்றால், செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் ‘கோ பேக்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பழைய விண்டோஸ் திரும்பிவிடும். சொந்தக் கோப்புகளும் அப்படியே இருக்கும். மாறிய பிறகு ஏற்றிய மென்பொருள்கள் மட்டும் போய்விடும். 10 நாள் கடந்தால் பழைய விண்டோஸ் வைக்கப்பட்டிருந்த கோப்புறையைக் கணினி தானாகவே அழித்துவிடும். அதன் பிறகு கோப்புகளை வைத்துக்கொண்டு பின்னோக்கிச் செல்ல வழியில்லை. முழுவதும் அழித்துப் புதிதாக ஏற்றத்தான் வேண்டும்.

மெதுவாக இருப்பதுதான் குறை என்றால், குற்றவாளி விண்டோஸ் அல்லாமலும் இருக்கலாம். உள்ளே தட்டு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், எந்த விண்டோஸைப் போட்டாலும் இழுத்துக்கொண்டுதான் நிற்கும். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, புது விண்டோஸை அதில் ஏற்றுவது நல்ல வழி. பழைய டிஸ்க் அழிக்கப்படாமல் தனியாகக் கையில் இருக்கும் என்பது கூடுதல் நிம்மதி.

எந்தப் பதிப்புக்குத் திரும்புவது என்பதிலும் கவனம் வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவை கிடைக்கும். அதற்குக் கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். விண்டோஸ் 7-இன் கதை 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. குரோம் உலாவியின் 109-ஆம் பதிப்போடு அதற்கான ஆதரவும் நின்றது. பழைய பிரிண்டருக்காகவோ பழைய கணக்கு மென்பொருளுக்காகவோ விண்டோஸ் 7 வேண்டுமென்றால், அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் வைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு அது ஆகாது.

அழிப்பது என்று முடிவானால், வேலையில் முக்கால் பங்கு நகல் எடுப்பதுதான். ‘டாக்குமெண்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’ இரண்டையும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். விட்டுப்போவது டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும்தான். வாட்ஸ்ஆப்பிலும் மின்னஞ்சலிலும் வந்த கடிதங்கள், கட்டண ரசீதுகள், பள்ளிப் பாரங்கள் அனைத்தும் டவுன்லோட்ஸில்தான் குவிந்து கிடக்கும். ஒரே கணினியைக் குடும்பத்தில் பலர் தனித்தனிப் பெயரில் பயன்படுத்தினால், சி டிரைவில் ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் ஒவ்வொருவர் பெயரையும் திறந்து பார்க்க வேண்டும். கணக்கு மென்பொருள்கள் தங்கள் தரவை வேறெங்கோ வைத்திருக்கும். அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ‘பேக்கப்’ வசதியைப் பயன்படுத்துவதே சரி. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் டிஸ்க்கோடு போய்விடும்.

ஒன்டிரைவ் இன்னொரு பொறி. கோப்பின் பக்கத்தில் சிறிய மேகக் குறி இருந்தால், அது கணினியில் இல்லை. இணையத்தில் இருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கின்றனவா என்பதை அழிப்பதற்கு முன்பே வேறொரு கணினியில் நுழைந்து பார்த்துவிட வேண்டும். கணினியை வாங்கிய நாளில் கடைக்காரரே திறந்து கொடுத்த கணக்கு என்றால், சந்தேகமே வேண்டாம், கட்டாயம் பார்க்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன் பல ஆண்டுகள் பாமினி, டிஸ்கி, டாப் போன்ற முறைகளில் அமைந்த எழுத்துருக்களில்தான் ஆவணங்கள் எழுதப்பட்டன. சங்க ஆண்டறிக்கைகள், திருவிழா மலர்கள், தமிழ்ப்பள்ளிக் கேள்வித்தாள்கள் எனப் பழைய கோப்புகள் பலவும் அந்த வகைதான். டிஸ்க்கை அழிக்கும்போது எழுத்துருவும் போய்விடும். பிறகு நகலெடுத்து வைத்த கோப்பைத் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் கண்ணில் படும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆகவே விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ பகுதியிலிருந்து தமிழ் எழுத்துருக்களைத் தனியே நகலெடுத்துக்கொள்ள வேண்டும். முரசு அஞ்சல் போன்ற தட்டச்சு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால், அதன் பதிவு எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

நகல் எடுத்த வெளி ஹார்ட் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பத்துப் பதினைந்து கோப்புகளையாவது திறந்து பார்ப்பது நல்லது. பெயர் மட்டும் வந்து உள்ளடக்கம் வராத நகலும் உண்டு.

அடுத்தது ஏற்பாடுகள். மைக்ரோசாப்ட் இணையத்தளத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ பதிவிறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். கண்ட இடத்தில் கிடைக்கும் ‘கிராக்’ பதிப்புகளில் வைரஸ் வருவது அபூர்வமல்ல. அதற்கு அவசியமும் இல்லை: முன்பு முறையான விண்டோஸ் 10 ஓடிய கணினி என்றால், உரிமம் அந்தக் கணினியோடு சேர்த்துப் பதிவாகியிருக்கும். ஏற்றும்போது ‘புரோடக்ட் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்து, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ என்று முன்பிருந்த வகையையே போட்டால், இணையம் வந்ததும் தானே உறுதிப்படுத்திக்கொள்ளும்.

கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை இன்னொரு பென் டிரைவில் எடுத்துவைப்பதும் முக்கியம். புதிதாக ஏற்றிய விண்டோஸுக்கு வைஃபை தெரியாமல் போனால், டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று வேலை அந்தரத்தில் நிற்கும். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து இணையம் கொடுப்பது அவசரத்துக்கு உதவும். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல மடிக்கணினிகளில், விண்டோஸ் 10 ஏற்றும்போது டிஸ்க்கே திரையில் தெரியாது. டிஸ்க் பழுதாகிவிட்டது என்று பதற வேண்டாம். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவிலிருந்து ‘லோட் டிரைவர்’ வழியாகக் கொடுத்தால் தெரியும்.

பிறகு கணினியை அணைத்துப் பென் டிரைவைச் செருகித் திறக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் எஃப்12, எச்பி-யில் எஃப்9, அசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் விசை பொதுவாகப் பூட் பட்டியலைக் காட்டும். ‘கஸ்டம்’ என்பதைத் தேர்ந்ததும் டிஸ்க்கின் பகுதிகள் வரிசையாகத் தெரியும். கை நிதானிக்க வேண்டிய இடம் இது. இங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்றுதான் இருக்கும். படங்களை டி டிரைவில் வைத்திருப்பவர்கள் அதன் அளவை முன்கூட்டியே குறித்து வைத்தால்தான் எது எது என்று பிரித்தறிய முடியும். நகல் எடுத்த வெளி டிஸ்க்கை இந்த நேரத்தில் கழற்றி வைக்க வேண்டும்; அதுவும் டிரைவ் 1 என்று அதே வரிசையில் வந்து நிற்கும். அசலோடு நகலையும் சேர்த்து அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

டிரைவ் 0-வின் பகுதிகளை ஒவ்வொன்றாக ‘டிலீட்’ செய்து, எல்லாம் ஒரே காலி இடமாக மாறியதும் அதைத் தேர்ந்து ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் விண்டோஸ் தனக்கு வேண்டிய பகுதிகளைத் தானே பிரித்துக்கொள்ளும். தயாரிப்பாளர் வைத்திருந்த மீட்புப் பகுதியும் இதோடு போய்விடும்.

இதற்குப் பிறகும் ஏதோ விட்டுப்போனது என்று தெரியவந்தால், கணினியை உடனே நிறுத்திவிட வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ‘டிலீட்’ என்பது அட்டவணையை மட்டும் அழிக்கும்; அதன் மேல் புதிதாக எழுதப்படாத வரை தரவு மீட்பு நிபுணரால் ஓரளவு எடுக்க முடியும். எஸ்எஸ்டி-யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. பிட்லாக்கர் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் அறவே இல்லை எனலாம்.

கணினியை விற்கும்போது இதே உண்மை எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். சாதாரண ஃபார்மட் போட்டு விற்ற ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மைகாட் நகலை அடுத்தவர் தோண்டி எடுக்க முடியும். விற்பதற்கு முன் ‘ரீசெட் திஸ் பிசி’ பகுதியில் ‘கிளீன் டேட்டா’ என்பதை இயக்கிவிட்டு அழிக்க வேண்டும். அது மணிக்கணக்கில் ஓடும். சார்ஜரைச் செருகியே வைத்திருக்க வேண்டும்.