மீளாய்வும் பரிந்துரையும்

ஈஜோக் வட்டாரத் தோட்ட மக்களுக்கு, வெளியார் வந்து நிலைமையை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது புதிதன்று. வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1937இல் வெளிவந்தது. இன்றைய பொருள் அதனினும் ஒரு படி அப்பாற்பட்டது: ஆய்வு செய்வோரையே ஆய்வு செய்தல்.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15இல் அமைந்தது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தைச் சார்ந்து, அரசாணையால் பிறந்த அமைப்பு அது. தனிச் சட்டத்தால் பிறந்ததன்று. அவ்வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஆணையத்தின் தலைவரோ அணுசக்தித் துறையின் செயலாளர். கல்பாக்கம், கூடங்குளம் உலைகளை இயக்கும் கழகமும் அத்துறையின் கீழேயே இருந்தது. தோட்ட வழக்கில் சொன்னால், கணக்கைச் சரிபார்ப்பவர் கணக்கெழுதுபவரின் மேலதிகாரிக்கே பதில் சொல்லும் ஏற்பாடு.

2011 மார்ச்சில் புக்குஷிமா விபத்து நிகழ்ந்தது. அவ்வாண்டே தன்னுரிமையுள்ள ஆணையம் ஒன்றை அமைக்கும் மசோதா இந்திய நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2014இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. இடையில், 2012இல், இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் வாரியத்தின் சட்டநிலையைக் குறைகூறினார். பின்னர் இந்தியாவின் அழைப்பின்பேரில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் குழுவொன்று மும்பைக்கு வந்தது. 2015 மார்ச் 16 முதல் 27 வரை அது வாரியத்தை மீளாய்வு செய்தது. வந்தவர்கள் பெரும்பாலும் பிற நாடுகளின் ஒழுங்குமுறை அலுவலர்கள். தலைவர் கனடாவின் ராம்சி ஜம்மால். இதுவே சகதுறையோர் மீளாய்வு. தண்டிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை.

குழு 13 பரிந்துரைகளையும் 21 யோசனைகளையும் வழங்கியது. மொழியறிஞன் நின்று நோக்கவேண்டிய இடம் இதுவே. முகமையின் வழக்கில் இவ்விரண்டும் ஒன்றல்ல. முகமையின் கட்டாயப் பாதுகாப்புத் தேவைகளில் ஏதேனும் இல்லாதபோதும் குறைபடும்போதும் எழுவது பரிந்துரை. தேவை நிறைவேறியிருந்தும் இன்னும் செம்மையாக்கலாம் என்பதற்கு எழுவது யோசனை. ஆங்கில மூலத்தில் தேவை நூல்களுக்கும் வழிகாட்டி நூல்களுக்கும் வெவ்வேறு துணைவினைகள் உண்டு. தமிழில் இரண்டிடத்தும் ‘வேண்டும்’ என்றே எழுதிவிடுகிறோம். ‘பரிந்துரை’ என்னும் சொல்லோ ‘பரிந்து’ என்ற அடியைக் கொண்டது. ஒருவர்க்காக அன்புடன் எடுத்துரைப்பது அதன் இயல்புப் பொருள். வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கும் மாணவர்க்கு இது தெரியும். ஆகவே ‘13 பரிந்துரைகள்’ என்று படிப்பவர் 13 குறைகள் சுட்டப்பட்டன என்று உணர்வதில்லை. அவற்றுள் முதன்மையானது, வாரியத்தின் தன்னுரிமையைச் சட்டத்திலேயே பதிக்கவேண்டும் என்பது. எத்துணைக் கடுமையான கூற்று, எத்துணை மென்மையான சொல்லில்!

மலேசியாவிலும் இவ்வழக்கு உண்டு. அணுசக்தி உரிமமளிப்பு வாரியம் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. குவாந்தான் அருகே கெபேங்கில் லைனஸ் அருமண் ஆலை எழுந்தபோது, மக்கள் எதிர்ப்பின் நடுவே, 2011இல் முகமையின் குழு வந்து 11 பரிந்துரைகள் வழங்கியது. அது ஓர் ஆலையைப் பற்றியது. வாரியம் முழுவதையும் பற்றிய மீளாய்வன்று. இவ்வேறுபாட்டையும் வகுப்பறையில் தெளிவுறுத்தல் நன்று.

மொழிபெயர்ப்போர் முன்னதைத் ‘திருத்தப் பரிந்துரை’ என்றும் பின்னதை ‘மேம்பாட்டு யோசனை’ என்றும் அடைகொடுத்து வழங்கலாம் என்பது என் கருத்து. இந்திய வாரியத்தில் தொடர் மீளாய்வு 2022இல் நடந்தது. அவ்விரு அறிக்கைகளையும் அருகருகே வைத்து மாணவர் மொழிபெயர்த்துப் பார்க்கலாம்.