சிறையில் எழுந்த உலக வரலாறு

இளையோருக்கு வரலாறு எழுதப் புகுவோர் நூலகத்தை நாடுவது இயல்பு. ஜவஹர்லால் நேருவுக்கு அவ்வாய்ப்பு இல்லை. 1930ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், மகள் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாளை முன்னிட்டு, நைனி சிறையிலிருந்து அவர் ஒரு மடல் வரைந்தார். மதிலுக்குள் இருப்பவர் பரிசுப் பொருளுக்கு எங்கே போவார்? எழுத்தே பரிசாயிற்று.

மகளுக்கு மடல் வழியே பாடம் சொல்வது அவருக்குப் புதிதன்று. 1928ஆம் ஆண்டுக் கோடையில் முசோரியில் இருந்த பத்து வயதுச் சிறுமிக்கு உலகின் தோற்றத்தையும் ஆதி மனிதர் வாழ்வையும் எழுதியிருந்தார். அது மறு ஆண்டு நூலாயிற்று. இப்போது தொடங்கிய பணியோ மிகப் பெரிது. நைனி, பரேலி, டேராடூன் எனச் சிறைகள் மாறின. கையிலிருந்தவை சில நூல்களும் பல்லாண்டுகளாகப் படித்தெடுத்த குறிப்பேடுகளுமே. 1933 ஆகஸ்ட் 9இல் முடித்தபோது மடல்கள் 196 ஆகியிருந்தன.

நம் நாட்டு மாணவர் இந்நூலை நாடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஆங்கிலேய ஆட்சியில் பள்ளி வரலாறு ஐரோப்பாவையே நடுவில் வைத்த காலம் அது. நேருவோ சீனத்தையும் அரபு நாடுகளையும் சோழரையும் ஒரே கதையில் இணைத்தார். அங்கோர், ஸ்ரீ விஜயம், மஜபாகித், மலாக்கா ஆகியவற்றுக்கும் இடமளித்தார். ஸ்ரீ விஜயம் என்பது ஒரு பேரரசின் பெயர் என்று பிரெஞ்சு அறிஞர் செதேஸ் நிறுவியது 1918இல்தான். பதினைந்து ஆண்டுகளுக்குள் அச்செய்தி ஒரு சிறுமிக்கான மடலில் ஏறிவிட்டது!

எனினும், ஆசிரியர்கள் ஓரிடத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். அவ்வரசுகளை இந்தியக் குடியேற்றங்களாகவே நேரு கண்டார். அன்றைய இந்திய அறிஞர் பலரின் கருத்தும் அதுவே. தென்கிழக்காசிய மக்கள் தாமே அரசமைத்து, இந்தியப் பண்பாட்டில் வேண்டியதைத் தேர்ந்து கொண்டனர் என்பதே பின்னாளைய ஆய்வாளர் பெரும்பாலோர் முடிவு. நம் முன்னோர் பெருமை பேசும் ஆவலில், இம்மண்ணின் மைந்தர் ஆக்கத்தை நாம் மறைத்துவிடலாகாது.

இறுதி மடல்களில் உலகப் பொருளாதார மந்தமும் கடனும் நாணய மாற்றும் குவிகின்றன. பதினைந்து வயதினர்க்கு அது கடுஞ்சுமையே. தந்தை அங்கே மகளை மறந்து தம்மோடு பேசுகிறார் எனலாம்.

நூல் 1934இல் வெளிவந்தது. ஐரோப்பாவிலிருந்து திரும்புகையில், 1938 நவம்பர் 14இல், தம் நாற்பத்தொன்பதாம் பிறந்தநாளன்று, அரபிக் கடலில் கப்பலில் இருந்தவாறே அதற்கொரு பிற்சேர்க்கை எழுதினார். திருத்திய பதிப்பு 1939இல் லண்டனில் வெளியாயிற்று. அவ்வாண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது.