திருவண்ணாமலைத் திருவீதிகள்: காலந்தோறும் மாறிய நகரும் வைணவச் சுவடுகளும்

வைணவ மரபில் திருவீதி என்பது போக்குவரத்துக்கு அமைந்த வழி மட்டுமன்று. கோயிலின் உறுப்பாகவே அது கருதப்படுகிறது. எம்பெருமான் வீதியில் எழுந்தருளுவதை அவனது சௌலப்யத்தின் வெளிப்பாடாகக் காண்பது நம் பூர்வர்களின் நெறி. திருவரங்கத்தில் திருமங்கையாழ்வார் மதில் எடுப்பித்தபோது, தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனத்திற்கு ஊறு நேராதபடி அதனை விலக்கிக் கட்டினார் என்று குருபரம்பரை வழக்கு கூறும். கைங்கர்யம் நடக்கும் இடத்திற்காக நகரின் அமைப்பு விட்டுக்கொடுத்தது என்பதே அச்செய்தியின் உட்பொருள். அந்த அளவுகோலைக் கொண்டு திருவண்ணாமலை நகரின் மாற்றங்களை நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

திருவண்ணாமலை நூற்றெட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றன்று. தேவாரப் பாடல் பெற்ற சைவத் தலம். தலபுராணச் செய்திகளை ஆராய்வது இங்கு நோக்கமன்று. எனினும் இந்நகரை உருவாக்கிய மன்னர்களுள் இருவர் வைணவ வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையவர்கள் என்பது கருதத்தக்கது.

முதலாமவன் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன். எம்பெருமானாரின் திருவடி பணிந்தவனாக நம் நூல்கள் போற்றும் விஷ்ணுவர்த்தனனின் மரபில் வந்தவன். டில்லிப் படையெடுப்புகளால் துவாரசமுத்திரம் சீர்குலைந்தபின், இவன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடங்களுள் முதன்மையானதாகக் கொண்டான். 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பில் திருவரங்கம் அழிவுற, பிள்ளைலோகாசார்யர் நம்பெருமாளைக் காத்துத் தெற்கே எழுந்தருளப் பண்ணியதும் இக்காலத்தையொட்டியே. கோயில்கள் பல வெறிச்சோடிய அந்நாளில், அருணை ஓர் அரசிருக்கையாக நின்றது. திருவரங்கத்திற்கு அண்மையிலுள்ள கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்ட வல்லாளன், 1342இல் மதுரைச் சுல்தானிடம் சிக்கி உயிர் துறந்தான். அவன் பெயரால் வல்லாள கோபுரம் இன்றும் விளங்குகிறது. அம்மன்னனுக்கு இறைவனே மைந்தனாக நின்று மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் ஈமக்கடன் செய்வதாக ஆண்டுதோறும் விழா நடைபெறுகிறது. கோட்டையும் அரண்மனையும் மறைந்தபின்னும், அரசன் நினைவைக் காத்து நிற்பது அவ்விழாப் புறப்பாடே.

இரண்டாமவர் கிருஷ்ணதேவராயர். பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் தெலுங்கில் பாடிய ‘ஆமுக்தமால்யதா’வின் ஆசிரியரான இவரே, அருணையில் ஆயிரங்கால் மண்டபத்தையும் சிவகங்கைத் திருக்குளத்தையும் அமைத்துக் கீழைக் கோபுரத்தைத் தொடங்கினார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய அப்பணியைத் தஞ்சை நாயக்கர் சேவப்பர் நிறைவு செய்தார். பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட அக்கோபுரம், அஹோபில மடத்து 44ஆம் பட்டம் ஸ்ரீமத் அழகியசிங்கரின் முயற்சியால் 1987இல் திருவரங்கத்து ராஜகோபுரம் 236 அடியில் எழும்வரை தமிழகத்தில் உயரத்தால் முதன்மை பெற்றிருந்தது. தேர் நிலைகொள்ளும் தேரடித் தெருவும் கடைத்தெருவும் கீழ்த்திசையில் செறிந்திருப்பதற்கு அக்கோபுரமே நடுநாயகம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வமைப்பின் பயன் திரிந்தது. செங்கம் கணவாய் வழியே வரும் படைகளுக்கு எதிரில் உயர்ந்த மதில் சூழ்ந்த கோயிலே கோட்டையாயிற்று. 1767ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஆங்கிலப் படையோடு பொருதது இந்நகரின் புறத்தேதான். தேர் செல்லும் வீதிகளில் பீரங்கி வண்டிகள் சென்ற காலம் அது. அதன்பின் அம்மணி அம்மாள் என்னும் துறவியார் இல்லந்தோறும் பொருள் திரட்டி வடக்குக் கோபுரத்தை முடித்தார். அரசர் தொடங்கிவைத்த நகரமைப்பை அடியார் நிறைவு செய்ததற்கு அக்கோபுரம் சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரம்–காட்பாடி இருப்புப் பாதை வந்தது. முதலாழ்வார்கள் மூவரும் இடைகழியில் நெருக்குண்டு நின்ற திருக்கோவலூரும் திருவண்ணாமலையும் ஒரே தடத்தில் இணைந்தன. 1896இல் இளைஞர் வேங்கடராமன், பின்னாளில் ரமணர் எனப் பெற்றவர், கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்தில் கோகுலாஷ்டமி நாளில் அமுது பெற்று, மறுநாளான செப்டம்பர் 1ஆம் தேதி அவ்வழியே ரயிலேறி அருணையை அடைந்தார். 1922இல் மலையடிவாரத்தில் ரமணாசிரமம் தோன்றியபின் செங்கம் சாலையின் இயல்பே மாறிற்று. வேணுகோபால பார்த்தசாரதி எழுந்தருளியிருக்கும் செங்கத்திற்குச் செல்லும் வழியாக இருந்தது, ஆசிரமங்களும் விடுதிகளும் நெருங்கிய தெருவாயிற்று.

1989இல் நகர் மாவட்டத் தலைநகராயிற்று, 2024இல் மாநகராட்சியாயிற்று. இவற்றைவிடப் பெரிய மாற்றத்தை விளைவித்தது பௌர்ணமி கிரிவலம். கார்த்திகைக்கு மட்டும் பெருந்திரள் கூடிய 14 கிலோமீட்டர்ப் பாதையில், 1990களுக்குப் பின் ஒவ்வொரு பௌர்ணமியிலும் இலட்சக்கணக்கானோர் வலம் வரலாயினர். மரநிழல் சூழ்ந்த மண்பாதை விளக்கொளி மிக்க தார்ச்சாலையாயிற்று. சாலையை விரிக்க மரங்களை வெட்டும் முயற்சி பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. தேரோடும் மாட வீதிகள் சிமெண்ட் தளம் பெற்றன.

வீதி விரிந்ததோடு குடியிருப்பும் மலைமீது ஏறியது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, பெருமழையின்போது வ.உ.சி. நகரில் மண் சரிந்து, சிறார் உள்ளிட்ட எழுவர் உயிரிழந்தனர். மலையே இறைவடிவம் என்று வணங்கும் ஊரில், அம்மலையின் சரிவு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்ற கேள்வி அன்று யாவர்க்கும் தெளிவாயிற்று. இடமின்மையால் அங்குக் குடியேறியோர் பெரும்பாலும் எளியவர். அவர்களைக் குறை கூறுவதினும், அவர்க்குப் பாதுகாப்பான இடம் அமைப்பதே முறை.

இம்மாற்றங்களுக்கிடையே வைணவச் சுவடுகள் சிறியனவாயினும் அழியாதுள்ளன. அண்ணாமலையார் கோயிலுக்குள் வேணுகோபாலன் சந்நிதி உண்டு. நகரில் பூதநாராயணப் பெருமாள் கோயில் உண்டு. கிரிவலம் தொடங்குவோர் அவனை வணங்கிப் புறப்படும் வழக்கமும் உண்டு. மலைமேல் தீபம் ஏற்றும் கார்த்திகையில் கார்த்திகை நட்சத்திரமே திருமங்கையாழ்வாரின் திருநட்சத்திரமும் ஆகும். மதிலை விலக்கிக் கட்டியவர் அவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அவ்வாழ்வார் காட்டிய அளவுகோலின்படி நோக்கின், முற்காலத்து அருணையில் வீதி புறப்பாட்டை ஒட்டி அமைந்தது. நம் காலத்தில் மலையும் மரமும் நீர்நிலையும் வீதிக்கு இடம் விட்டு ஒதுங்கலாயின. திரளும் அடியாரைத் தடுக்க இயலாது. தடுப்பது சௌலப்யத்திற்கும் ஒவ்வாது. ஆயினும் எதை விலக்கி எதைக் கட்டுவது என்று தெரிந்து செய்வது கைங்கர்யத்தின் பாற்பட்டதே. பூதநாராயணர் கோயில் போன்ற சிறு சந்நிதிகளின் கல்வெட்டுகள், தெருப் பெயர்கள், உற்சவ வழித்தடங்கள் ஆகியவற்றை இப்போதே முறையாகப் பதிவு செய்தல் வேண்டும். அடுத்த சாலைப் பணிக்கு முன் அது நிகழுமாயின், விலக்கத்தக்கது எது, காக்கத்தக்கது எது என்பதை முடிவு செய்வோர்க்கு ஆதாரம் கையில் இருக்கும்.