யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

நெய்வேலியில் ஒருவரை முதன்முதலாகச் சந்தித்தால் வரும் கேள்வி, "எந்த வட்டம்?" என்பதுதான். ஊரின் அந்தப் பிரிவைச் சொன்னால் வீட்டின் அளவும் வேலையின் தரமும் ஓரளவு விளங்கிவிடும். 1956 நவம்பர் 14 அன்று நிலக்கரி நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதற்குள் முந்திரிக் காட்டுக்கும் செம்மண்ணுக்கும் நடுவே ஒரு நகரியமே எழுந்துகொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் ஒதுக்கும்போது பதவியையும் பணிமூப்பையும் பார்த்தார்கள். அடுத்த வீட்டுக்கு வரப்போகிறவர் என்ன சாதி என்று ஒதுக்கீட்டு உத்தரவில் எழுதியிருக்காது.

சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். நகரியத்தில் அந்த இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மதில்சுவரைப் பகிர்ந்துகொண்டார்கள். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அந்தச் சுவருக்கு மேலாகத் தூக்குவாளி கை மாறியது. வாளியை வாங்குவதா, வாங்கியதைச் சாப்பிடுவதா, பதிலுக்கு நம் வீட்டுப் பாத்திரத்தை அனுப்புவதா என்பதை ஒவ்வொரு வீடும் தானேதான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கிறிஸ்தவ வீடுகளுக்கு அது விசுவாசத்தைத் தொடும் கேள்வி. இந்த வட்டாரத்தில் அதற்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

வேதாகமத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. பேதுரு கொள்கை எதையும் மறுத்துப் பேசவில்லை. சாப்பாட்டு இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். பவுலுக்கு அதுவே சுவிசேஷத்தை மீறிய செயலாகப் பட்டது.

1706-ல் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது இதே சிக்கல் கடற்கரையிலேயே காத்திருந்தது. அங்கே கட்டிய கோயிலில் சாதிவாரியாகத் தனித்தனி இடம் அமைந்தது. சீர்திருத்தச் சபையின் முதல் தமிழ்க் குருவான ஆரோன், கடலூரில் ஆறுமுகம் என்ற பெயரில் பிறந்த வேளாளர். 1733 டிசம்பரில் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. அதே காலத்தில் தஞ்சைச் சீமையில் ஊழியம் செய்த ராஜநாயக்கன், தஞ்சை அரசனின் படையில் சிப்பாயாக இருந்தவர். தமிழில் சுவிசேஷத்தைத் தானே படித்துத் தெளிந்து, பலரைச் சபைக்குக் கொண்டுவந்தவர். அவரைக் குருவாக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் அவர் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று அஞ்சி மிஷனரிகள் பின்வாங்கினார்கள். கடைசிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

இந்த ஏற்பாடு ஒரு நூற்றாண்டு ஓடியது. 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள் சாதி அறவே கூடாது. சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டு விலகினார்கள். தஞ்சையின் பெரும் கிறிஸ்தவக் கவிஞரான வேதநாயக சாஸ்திரியார் சாதிப் பழக்கத்துக்காக வாதாடியவர்களின் முன்வரிசையில் நின்றார். மதுரையின் அமெரிக்க மிஷன் 1847-ல் இன்னும் நேரடியான சோதனை வைத்தது. மிஷனில் வேலை பார்ப்பவர்கள் எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மறுத்த உபதேசிமார் பலர் வேலையை இழந்தார்கள்.

விலகியவர்களில் பலருக்கு 1840-களில் தரங்கம்பாடி வந்த ஜெர்மானிய லுத்தரன்கள் இடம் கொடுத்தார்கள். அவர்களுடைய மிஷன்தான் பிற்பாடு லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்றது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழை ஆழ்ந்து கற்றவர், திருக்குறளை மொழிபெயர்த்தவர். சாதி ஒரு சமூக வழக்கம், அதைக் கட்டளையால் பிடுங்கக் கூடாது, சுவிசேஷத்தின் வெளிச்சத்தில் அது தானாகவே உதிரும் என்பது அவருடைய வாதம். தமிழரை மதித்த மனிதர் நல்லெண்ணத்தோடு சொன்ன வாதம்தான் அது. ஆனால் பந்தியின் கடைசியில் தனியாக உட்கார வைக்கப்பட்டவருக்கு, அது உதிரும்வரை நீ பொறுத்திரு என்றுதான் அது கேட்டிருக்கும்.

அந்த மிஷனுக்குள்ளேயே ஒருவர் அதை ஏற்க மறுத்தார். பெயர் கார்ல் ஓக்ஸ். மாயவரத்தில் பல ஆண்டு ஊழியம் செய்தவர். வாதாடிப் பார்த்துவிட்டு, 1850-களின் கடைசியில் மிஷனை விட்டே வெளியேறினார். பின்னால் நிற்க ஒரு சங்கமும் இல்லாத நிலையில் தென்னாற்காட்டுக்கு வந்து, 1861-ல் பண்ருட்டிக்கும் கடலூருக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் குடியேறினார். அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் பெத்தானியா: மார்த்தாளும் மரியாளும் இயேசுவுக்குச் சாப்பாடு வைத்த ஊர். சில ஆண்டுகளில் டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. அந்தக் கிளைதான் திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவி, இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக நிற்கிறது. நெய்வேலி இருப்பதும் அந்தத் தென்னாற்காட்டு மண்ணில்தான்.

ஓக்ஸோடு சாதி ஒழிந்துவிடவில்லை. கத்தோலிக்கச் சபையிலும் அதே கதை உண்டு. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில், பீடத்திலிருந்து இரண்டு கையாகப் பிரியும்படி கோயிலையே கட்டி, நடுவில் சுவர் வைத்தார்கள். 1910-ல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. நெய்வேலிக்கு அதிகத் தூரமில்லாத எறையூரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை அது.

மத்திய அரசு நிறுவனத்தை நம்பி வாழும் நெய்வேலியில் இந்தக் கேள்வி இன்னொரு வடிவத்திலும் வருகிறது. 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை பெரும்பாலும் இந்துக்களுக்கே அந்தத் தகுதியைத் தந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. கிறிஸ்தவரான ஆதிதிராவிடரைத் தமிழ்நாடு பிற்படுத்தப்பட்டோராகவே கணக்கிடுகிறது. எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்த புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் கிறிஸ்தவராக வாழ்பவர் பட்டியல் சாதித் தகுதியைக் கோர முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஒரு பெயரில் ஞானஸ்நானச் சான்றிதழ் ஒரு கையில், வேறு பெயரில் சாதிச் சான்றிதழ் மறு கையில் என்று தாலுகா அலுவலக வாசலில் நிற்கும் இளைஞர், தீண்டாமையின் வலியையும் சுமக்கிறார், அதற்கான பரிகாரத்தையும் இழக்கிறார். அவரைப் பார்த்து ஏன் இரண்டு பெயர் என்று கேட்கும் உரிமை, அவரைத் தன் பந்தியில் சரிசமமாக உட்கார வைக்காத சபைக்குக் கிடையாது.

நகரியத்தில் ஒரு தலைமுறை ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு வெளியே சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. இனி அடுத்த வீட்டை ஒதுக்கீட்டு உத்தரவு தீர்மானிக்காது. மனை வாங்குகிறவரே தீர்மானிக்கிறார். பெண் பார்க்கும்போதும் கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போதும் அப்படித்தான்.

சபையில் அறுப்பின் பண்டிகை வரும். ஏலம் முடிந்து, வாழையிலை விரித்து, சாம்பார் வாளியோடு இளைஞர்கள் வரிசையில் வருவார்கள். அப்போது தெரிந்தவர் பக்கம் தேடிப் போகாமல், காலியாக இருக்கும் முதல் இலையில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரை அடுத்த வாரம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர் கூப்பிட்டால் குடும்பத்தோடு போய் வயிறாரச் சாப்பிட்டு வாருங்கள்.