நகத்தில் ஏறிய வெயில் கணக்கு

1801 பிப்ரவரி. ஜெர்மனியின் யேனா நகரில் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், வெள்ளி குளோரைடு பூசிய காகிதத்தின்மேல் முப்பட்டகம் பிரித்த வெயிலை விழச்செய்தார். ஊதாவைத் தாண்டி, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில்தான் காகிதம் சட்டென்று கறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் அகச்சிவப்பைக் கண்டுபிடிக்க வெப்பமானி போதுமானதாக இருந்தது. ரிட்டருக்குச் சிக்கிய புற ஊதாக் கதிரோ சூட்டால் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. கறுத்த காகிதம் ஒன்றே சாட்சி. பின்னாளில் நகத்தில் ஒட்டிய புற ஊதா சென்சாருக்கு அந்தக் காகிதம்தான் கொள்ளுத்தாத்தா.

தோலுக்கும் இந்தக் கதிர் விழும்போது தெரியாது. சில மணி நேரம் கழித்துச் சிவந்து எரியும்போதுதான் புரியும். மொட்டைமாடியில் கருவி வைத்தால் வானத்தின் கணக்கு கிடைக்கும். குனிந்து களை எடுப்பவரின் பிடரிக்கு எவ்வளவு போனது என்பது கிடைக்காது. அதற்குக் கருவி ஆளோடு நடக்க வேண்டும்.

1976இல் டேவிஸ், டீன், டிஃபி என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதற்கு வழி சொன்னார்கள். பாலிசல்ஃபோன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் புற ஊதா பட்டால் வேதிமாற்றம் அடையும். சிறு சட்டத்தில் பொருத்தி சட்டையில் குத்திக்கொண்டால் போதும். மாலையில் ஆய்வகத்தில், 330 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று அளந்தால் அன்றைய கணக்கு வந்துவிடும். குறை ஒன்றுதான்: கணக்கு தெரியும்போது வெயில் இறங்கியிருக்கும்.

2016இல் லோரியால் நிறுவனம், நிறம் மாறும் சாயப் புள்ளிகள் கொண்ட ஒட்டுப்பட்டையைக் காட்டியது. செல்பேசியில் படம் எடுத்தால் செயலி கணக்குச் சொல்லும். ஆனால் தோல் வியர்க்கும், உதிரும். பட்டை சில நாள்தான் தாங்கும். 2018இல், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஜர்ஸோடு சேர்ந்து உருவாக்கிய அடுத்த கருவி கட்டைவிரல் நகத்துக்கு ஏறியது. 9 மில்லிமீட்டர் அகலம். கனம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. சட்டைப் பொத்தான் அளவுதான்.

அதற்குள் பேட்டரி கிடையாது. புற ஊதா பட்டால் ஒளி டயோடு துளி மின்னோட்டம் தரும். அது மீமின்தேக்கியில் உண்டியல் காசுபோல் சேரும். செல்பேசியை அருகில் கொண்டுபோனால், மெட்ரோ அட்டையைக் கதவு படிப்பதுபோல, சேர்ந்ததைப் படித்துக்கொள்ளும். அளக்க வேண்டிய வெயிலே அளப்பதற்கான மின்சாரத்தையும் தந்துவிடுகிறது. அதே ஆண்டு நவம்பரில் இதன் கிளிப் வடிவம் அமெரிக்க ஆப்பிள் கடைகளில் 60 டாலருக்குச் சற்றுக் குறைவாக விற்பனைக்கு வந்தது.

ஆனாலும் நகம் நகத்தின் கணக்கைத்தான் சொல்லும். கையைச் சட்டைப்பைக்குள் விட்டால் உண்டியலில் காசு விழாது. முகத்தில் வெயில் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

சென்சார் இல்லாதவர்களுக்கும் பயன்படும் பாடம் ஒன்று உண்டு: சூட்டை வைத்துப் புற ஊதாவை எடைபோடாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் அது ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நண்பகலில் ஸ்வெட்டர் போடும்போது, தலைக்கொரு தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள்.